திருவெலும்பு–இடுப்பெலும்பு மூட்டு வலி: இயன்முறை மருத்துவத்தின் வரலாறு

முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண வடிவத் திருவெலும்பு, இருபுறமும் இடுப்பெலும்புகளுடன் சேரும் இடமே திருவெலும்பு–இடுப்பெலும்பு மூட்டு (சாக்ரோஇலியாக் மூட்டு) ஆகும். உடலின் மேற்பகுதியின் எடை இதன் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. இம்மூட்டின் செயல் குறைபாட்டால் கீழ்முதுகிலும் பிட்டத்திலும் வலி தோன்றும். சிலருக்குத் தொடை வரை பரவும். கருவுற்ற பெண்களுக்கும் மகப்பேறு முடிந்தவர்களுக்கும் இவ்வலி வருவதுண்டு. இதற்கான சிகிச்சை, விலகிய எலும்பை இடத்தில் வைப்பது என்ற கருத்தில் தொடங்கி, மூட்டைத் தாங்கும் தசைகளைப் பயிற்றுவது என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தது.

தொடக்கக் காலம்

1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஜோயல் கோல்ட்த்வெயிட், ராபர்ட் ஆஸ்குட் ஆகியோர், இம்மூட்டின் தளர்ச்சி முதுகுவலிக்கும் கால்வலிக்கும் காரணமாகலாம் என்று எழுதினர். இடுப்புப் பட்டை, மாவுக்கட்டு ஆகியவற்றால் மூட்டை அசையாமல் பிடிப்பது அக்கால வழக்கம். 1920களில் மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் அறுவை மூலம் மூட்டை இறுக்கிப் பிணைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

1934இல் நிலைமை மாறியது. அதே பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகியோர், பிதுங்கிய முள்ளெலும்பிடைத் தட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துவதை விளக்கினர். மருத்துவர்களின் கவனம் தட்டின் பக்கம் திரும்பியது. இம்மூட்டு பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அளவீடு சொன்ன உண்மை

1989இல் சுவீடனின் பெங்ட் ஸ்டூரெசன் குழுவினர், எலும்பில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து ஊடுகதிர் மூலம் மூட்டின் அசைவை அளந்தனர். சுழற்சி சராசரியாக ஏறத்தாழ 2.5 பாகை, நகர்வு சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1998இல் டுல்பெர்க் குழுவினர் இதே முறையில் 10 நோயாளிகளை ஆராய்ந்தனர். கையால் தள்ளிச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பின் கைப்பரிசோதனை முடிவுகள் மாறின. எலும்புகளின் நிலை மாறவில்லை. இச்சிகிச்சையால் சிலருக்கு வலி குறையக்கூடும். ஆனால் எலும்பு இடத்துக்குத் திரும்பியதே அதற்குக் காரணம் என்ற விளக்கம் நிற்கவில்லை. எலும்பு விலகிவிட்டது என்று கேட்டு நடக்கவும் குனியவும் அஞ்சும் நோயாளிக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

தசைகளின் பங்கு

1990இல் நெதர்லாந்தின் ஃப்ளீமிங், ஸ்னைடர்ஸ் உள்ளிட்டோர் மூட்டின் உறுதிக்கு இரு காரணங்களைக் கூறினர். ஒன்று, ஒன்றோடொன்று பொருந்தும் எலும்புகளின் வடிவம். மற்றொன்று, தசைகளும் இணைப்பு நார்களும் தரும் அழுத்தம். பின்னதைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதால், ஆழ்வயிற்றுத் தசை, முதுகின் ஆழ்தசை, பிட்டத் தசை ஆகியவற்றுக்கான பயிற்சிகள் முதன்மை பெற்றன.

2004இல் நார்வேயின் பிரிட் ஸ்டூகே குழுவினர், மகப்பேற்றுக்குப் பின் இடுப்பு வளைய வலி கொண்ட 81 பெண்களிடம் 20 வார ஆய்வு நடத்தினர். இயன்முறை சிகிச்சையோடு உறுதிப்படுத்தும் பயிற்சிகளையும் செய்தவர்களுக்கு, அவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. அன்றாட வேலைகள் எளிதாயின. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இப்பயன் நீடித்தது.

இன்றைய நிலை

ஒரே ஒரு பரிசோதனையால் இக்குறைபாட்டை உறுதி செய்ய இயலாது. மூட்டை அழுத்தி வலியைத் தூண்டும் பல பரிசோதனைகளைச் சேர்த்தே இயன்முறை மருத்துவர்கள் முடிவெடுக்கின்றனர். 2008இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள், மகப்பேற்றுக்குப் பின் ஒவ்வொருவருக்கும் ஏற்ற உறுதிப்படுத்தும் பயிற்சிகளைப் பரிந்துரைத்தன. பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. இடுப்புப் பட்டை இன்றும் உண்டு. ஆனால் அது சிறிது காலத் துணை மட்டுமே.