கிளாங் போன காகங்கள்

கடந்த ஆண்டு தலவாக்கலைக்குப் போயிருந்தபோது, லயத்துக் கோடியில் இருக்கும் என் சித்தியின் மரக்கறித் தோட்டத்தில் செத்த அண்டங்காக்கை ஒன்று கழியில் தலைகீழாகத் தொங்கியது. மூன்று கோழிக்குஞ்சுகளைக் காகங்கள் தூக்கிப் போனதற்கான பதிலடி. அதே சித்தி ஆடி அமாவாசையன்று காகம் படையலைத் தொடும்வரை பச்சைத் தண்ணீரும் அருந்தமாட்டார்.

மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டங்களுக்குத் தொல்லை தருவது மேக்பை. அதன் உறவான, சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படும் நீலப் பறவை இலங்கைக்கே உரியது. ஆனால் அது மனிதரை அண்டாது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு அழிய அழிய ஒதுங்கிப் போயிற்று. காகமோ நம் எச்சிலைத் தேடி வந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் காகத்தைக் கொல்வது குற்றம் என்று பழைய நூல்கள் கூறும். கறுவா விதையைப் பரப்புகிறதென்று அதற்கு அந்த மரியாதை. ஆங்கிலேயர் ஒருபடி மேலே போனார்கள். மலாயாவின் கிளாங் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுவைத் தின்ன, 1890களிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் இலங்கையிலிருந்து சாம்பல் கழுத்துக் காகங்களைக் கப்பலேற்றினார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம்மவரை இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஏற்றிச் சென்ற அதே காலம்தான் அது. தோட்டத்துக்கு எது தேவையோ அது கப்பலில் வந்தது. ஆளென்றும் பறவையென்றும் பார்க்கவில்லை.

மலாயாவில் கோப்பி போய் ரப்பர் வந்தது. காகம் போகவில்லை. குப்பையில் பெருகி, பிற்காலத்தில் துப்பாக்கியோடு ஆள் வைத்துச் சுடவேண்டிய அளவுக்கு வந்தது. குப்பையைத் தின்னட்டும் என்று சான்சிபாருக்குக் கொண்டுபோன காகங்களின் கதையும் இதுவே. அவை ஆப்பிரிக்கக் கரையேறிப் பரவ, 2024இல் கென்யா 10 லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. சுட்டால் சில நாள் குறையும். இரை கிடைக்கும்வரை திரும்பிவரும்.

இரை எங்கே என்று சித்தியிடம் கேட்டேன். லயத்துக்குப் பின்னாலிருந்த திறந்த குப்பைக் குழியைக் காட்டினார். தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இடையூறாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. வாக்குக் கேட்க வந்தவர்கள் குப்பையை மட்டும் கேட்கவில்லை.

"வண்டி வருமா சித்தி?"

"வரும்னுதான் சொல்றாங்கப்பா" என்றவாறே, மிஞ்சிய குஞ்சுகளின் மேல் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்தார்.