சாவா மூவாப் பேராடும் கட்டற்ற மென்பொருளும்

கட்டற்ற மென்பொருளை எழுதுவோர்க்குச் சோறு போடுவது யார் என்னும் வினா கணினியுலகில் ஓயாமல் எழுவது. மூலநிரல் எல்லோர்க்கும் பொது, எடுத்தாள விலையில்லை, ஆனால் எழுதுகிறவருக்குப் பசியுண்டு. பயன்படுத்துவோர் மனமுவந்து அளிக்கும் நன்கொடையே விடையாகப் பெரிதும் சொல்லப்படுகிறது. இது மேலைநாட்டார் கண்ட புதுமுறை என்று எண்ணுவோர் உளர். சிதம்பரத்தையும் கடலூரையும் சூழ்ந்த ஊர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வாறு தோன்றாது.

சோழர் காலத்தில் கோயிலில் நுந்தா விளக்கு ஒன்று எரியவேண்டுமாயின், கொடையாளி ஒருநாள் நெய்யை அளந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார். அவர் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கவேண்டும். இறந்த ஆட்டுக்கும் கிழண்ட ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் வந்து சேர்வதால் எண்ணிக்கை குறைவதில்லை. ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. (பெயரிட்டவர் கோயிற் கணக்கராகவே இருந்திருப்பினும் அவருக்குள் ஒரு புலவர் இருந்திருக்கிறார்!) கொடைச் செய்தி முடியுமிடத்தில் 'இது பன்மாகேசுவர ரட்சை' என்றும் பொறித்தனர். கொடுத்தவர் மறைந்தபின் அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு அடியார் கூட்டத்துக்கு உரியது என்பது அதன் பொருள். ஆக, நாள்தோறும் வரும் வருவாய் ஒன்று, கொடையின் நோக்கத்தைக் காக்கும் விதி மற்றொன்று என இரண்டையும் அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

கோயிலுக்கு வெளியிலும் இம்மண்ணில் இதற்குச் சான்றுகள் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது சைவ அன்பர்களின் பொருளுதவியை நம்பித்தான். மூன்றாண்டுகள் கழித்து, 1867 மே 23 அன்று, வடலூரில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் தானமாக அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நிலம் ஒருமுறை கொடுத்தது. அரிசியும் விறகும் நாள்தோறும் வந்தாகவேண்டும். தைப்பூசத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து குவிவதில் வியப்பில்லை. விழா இல்லாத நாளிலும் உலை கொதிப்பதே வியப்பு.

இரண்டாவது சிக்கலையும் வடலூர் கண்டது. 2024இல் அங்குள்ள பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் கட்ட அரசு பள்ளம் தோண்டியபோது, இது எம் முன்னோர் கொடுத்த நிலம், வெளியாகவே இருக்கவேண்டும் என்று பார்வதிபுரத்தார் எதிர்த்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் கொடையாளரின் வழிவந்தோர் அதன் நோக்கத்துக்காக நின்றனர் என்பதே நாம் இங்குக் கருதவேண்டியது.

இனி மென்பொருளுக்கு வருவோம். பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. 1,00,000 யூரோ தந்தால் மூலநிரலை விடுவிப்பதாக முதலீட்டாளர்கள் இசைந்தனர். அதனை உருவாக்கிய டான் ரூசன்டால் பொதுமக்களிடம் வேண்ட, ஏழே வாரங்களில் தொகை சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் குனூ பொது உரிமத்தின்கீழ் அது வெளியாயிற்று. திருத்தி வெளியிடுபவர் தம் திருத்தத்தின் மூலநிரலையும் பொதுவில் வைக்கவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் விதி. பன்மாகேசுவர ரட்சைக்கு இதைவிட நெருங்கிய உறவை இக்காலத்தில் நாம் காணவில்லை. பிற்பாடு பிளெண்டர் அமைப்பினர் மாதச் சந்தாவாக வரும் வளர்ச்சி நிதி ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டனர். அவர்களுடைய ஆட்டு மந்தை அதுதான்.

மந்தை இல்லாத விளக்கின் கதை ஓப்பன் எஸ்.எஸ்.எல். வங்கிகளும் வணிகத் தளங்களும் இணையத்தில் மறைச்செய்தி அனுப்ப நம்பியிருந்த நிரல் அது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும் ஓட்டை அதில் வெளிப்பட்டது. அதுவரை அத்திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்பதும் அப்போது தெரியவந்தது. உலகமே குளிர்காய்ந்த அடுப்புக்கு விறகு போட ஆளில்லை! அதன்பின்னரே பெருநிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியே பொருள் தந்தன.

தமிழ்க் கணிமையில் பொருட்கொடையை விட உழைப்புக்கொடையே முந்தியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியோரும் மெய்ப்புப் பார்த்தோரும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். 2012 டிசம்பரில் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியபோது, நாவலர் பள்ளி கண்ட அதே சிதம்பரத்தில் தமிழ் மென்பொருள்கள் பேசுபொருளாயின. அதே ஆண்டு மின்னிதழாகத் தோன்றிய கணியம் பின்னர் அறக்கட்டளையாகி, கட்டற்ற தமிழ் மென்பொருளுக்கும் மின்னூல்களுக்கும் வெளிப்படையாக நன்கொடை கேட்கிறது. கேட்பதில் தமிழர்க்கு இருக்கும் கூச்சத்தை அது விட்டொழித்தது நல்லது என்றே கருதுகிறோம். தட்டெழுத நூறுபேர் முன்வருவர். வழங்கிக் கணினியின் வாடகையை உழைப்பால் கட்ட முடியாது. அது மாதந்தோறும் பணமாகவே கேட்கப்படுகிறது.