ஒளிராத ஒரு பொட்டு ரத்தம்

மலேரியாவுக்கு ப்ரிமாக்வின் மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி, "ஜி6பிடி டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னு டாக்டர் கேட்பார். அந்தக் கேள்வி பிறந்த இடம் ஒரு ஜெயில்னா நம்புவீங்களா மக்களே?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறை. 1944-லிருந்து அங்கே கைதிகளுக்குக் கொசுவைக் கடிக்கவிட்டு மலேரியாவை வரவழைச்சு, மருந்துகளைச் சோதிச்சாங்க. பிறகு ப்ரிமாக்வின் வந்தது. அது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்களை உடைச்சது, சிறுநீர் கறுத்தது. அவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர்.

கோளாறு உடம்பிலா, ரத்தத்திலா? 1954-ல் டெர்ன், ஆல்விங் உள்ளிட்ட குழுவினர் பாதிக்கப்பட்டவரோட சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏத்தி, பாதிப்பில்லாதவர் உடம்பில் செலுத்தினாங்க. மருந்து கொடுத்ததும், உடைஞ்சது வந்தேறி அணுக்கள்தான். ஆக, குறை அணுவுக்குள்ளேயே! 1956-ல் கார்சன் குழு அதுக்குப் பேர் சொன்னது: ஜி6பிடி நொதிக் குறைபாடு. பரம்பரையா வர்றது.

1966-ல் பாய்ட்லர் எளிய சோதனை ஒண்ணைச் சொன்னார். துளி ரத்தத்தை ரசாயனக் கலவையில் கலந்து, கொஞ்ச நேரம் விட்டு, வடிதாளில் பொட்டு வெச்சு, புற ஊதா விளக்கில் பார்க்கணும். ஒளிர்ந்தா நொதி இருக்கு; இருண்டிருந்தா குறைபாடு. ஒரு எச்சரிக்கை: ரத்தம் உடைஞ்ச கையோட சோதிச்சா ஏமாந்துடலாம். நொதி குறைஞ்ச கிழட்டு அணுக்கள் செத்து, இளசுகளே மிஞ்சியிருக்கும்.

கைதிகள் கையெழுத்துப் போட்டுத்தான் சம்மதிச்சாங்க. பணமும் தண்டனைக் குறைப்பு ஆசையும் இருந்தது. கம்பிக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு 'மாட்டேன்'னு சொல்றது அவ்வளவு சுலபமா?

கண்டுபிடிச்சவங்க பேரை இப்போ வரிசையா எழுதிட்டேன். ரத்தம் கொடுத்தவங்க பேர்?