செங்கல் ஒன்று, வெள்ளி ஒன்று
சிங்கை நகரின் விடுமுறை மேடைகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பெருநகரின் வளத்தை அறிய விரும்புவோர் அதன் மாடமாளிகைகளை எண்ணுவர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை எண்ணுவர். அந்நகரத்து மக்கள் உழைத்துக் களைத்த வாரத்தின் முடிவில் எங்கே கூடினார்கள், எதனைக் கண்டு மகிழ்ந்தார்கள், யாரோடு அமர்ந்து கண்டார்கள் என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

நம் பழைய நூல்களில் நகரமும் விழாவும் பிரிக்க முடியாதவை. புகார் நகரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடைபெற்றதை மணிமேகலை கூறும். மாதவி ஆடிய அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சிலப்பதிகாரம் கோல் கணக்கில் கூறும். ஆயின் அவ்விழாக்கள் ஆண்டுக்கு ஒரு முறை வருவன. வாரந்தோறும் வரும் விடுமுறை மாலை என்பது கூலிக்கும் சம்பளத்திற்கும் உழைக்கும் புதிய நகரத்தின் பிள்ளை. ஆறு நாள் பிறருக்கு உரியவனாக இருந்த தொழிலாளி, ஏழாம் நாள் மாலையில்தான் தனக்கு உரியவன் ஆனான். அந்த மாலையைச் சிங்கை நகரம் அவனுக்கு எவ்வாறு நிரப்பித் தந்தது என்று காண்போம்.

மூன்று உலகங்கள்

1923ஆம் ஆண்டில் ஜாலான் புசாரில் 'நியூ வோர்ல்ட்' என்னும் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. ஜொகூர் பாலத்தின் மீது புகைவண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. 1931இல் கிம் செங் சாலையில் 'கிரேட் வோர்ல்ட்' எழுந்தது. 1936இல் கேலாங்கில் 'ஹேப்பி வோர்ல்ட்' எழுந்தது. பிற்காலத்தில் 'கே வோர்ல்ட்' எனப் பெயர் மாறியது இதுவே.

ஒரே வேலிக்குள் மலாய் பங்சாவான் நாடகமும், சீனக் கூத்தும், ரோங்கெங் ஆட்டமும், குத்துச் சண்டையும், திரைப்படமும், தின்பண்டக் கடைகளும் நிறைந்திருந்தன. சில காசு கொடுத்தால் எவரும் உள்ளே நுழையலாம். நியூ வோர்ல்டோ சிராங்கூன் சாலைக்கு மிக அருகில் இருந்தது. எனவே மாலை வேளையில் நம்மவர் அங்குச் செல்வது இயல்பாயிற்று.

வெள்ளையர் மன்றங்களில் நிறமும் தகுதியும் பார்க்கப்பட்ட அக்காலத்தில், எல்லா இனத்து ஏழைகளும் தோளோடு தோள் உரசி நடந்த இடங்கள் இவ்வுலகங்களே. அந்த அளவில் அவை செய்த தொண்டு பெரிது. ஆயினும் அவை வணிகர் நடத்தியவை. கூட்டம் விரும்பியதே மேடையேறியது. ஆதாயம் தராதது மேடையை விட்டு இறங்கியது.

தமிழர் தமக்கென அமைத்த மேடை

வணிக மேடையில் இடம் பெறாததற்குத் தம் மேடையைத் தாமே அமைத்துக்கொள்ளும் உணர்வு போருக்குப் பின் நம்மவரிடையே ஓங்கியது. 1949இல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றியது. 1952இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கற் காலத்தைப் பேச்சும் பாட்டும் நாடகமும் நிறைந்த காலமாக மாற்றியது. மாணவர் போட்டிகள் அதன் உயிர்நாடி. மேடையேறிப் பேசிய சிறுவன் பின்னர் ஆசிரியனானான், எழுத்தாளனானான்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறுவதற்காக அவரே 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் திரட்டினார். செல்வர் சிலரிடம் பெருந்தொகை பெறுவதினும், எளியோர் பலரிடம் ஆளுக்கொரு வெள்ளி பெறுவதே அந்நிதியின் நோக்கமாயிருந்தது. ஒரு வெள்ளி கொடுத்தவன் அப்பணியில் தனக்கும் பங்குண்டு என்று எண்ணுவான் அல்லவா? இந்த ஒரு வெள்ளியை மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. சற்றுப் பின்னர் அது மீண்டும் வரும்.

பூமலையில் ஒரு ஞாயிறு

1959 சூன் மாதத்தில் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. பண்பாட்டு அமைச்சுப் பொறுப்பை ஏற்றவர் சி. இராசரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நம் சிரம்பானில் வளர்ந்தவர் அவர். அவ்வமைச்சு முதலில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று 'அனேக்கா ராகம் ராயாட்' என்னும் மக்கள் பல்சுவை நிகழ்ச்சியாகும்.

1959 ஆகஸ்டு 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூமலை என்று நம்மவர் அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் அது தொடங்கியது. நுழைவுச் சீட்டு இல்லை. மலாய், சீன, இந்திய, மேலைக் கலைகள் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்னர் நகர மன்றத்தின் முன்பும், நகரை விட்டு விலகிய ஊர்ப்புறங்களிலும் அது தொடர்ந்தது.

இதில் அரசியல் நோக்கம் இல்லை எனல் பொருந்தாது. பல இனங்களை ஒரே நாட்டு மக்களாக்க அரசு முயன்ற காலம் அது. கலை அதற்குக் கருவியாயிற்று. கருவியாகும் கலை சுருங்கிவிடும் என்பாரும் உண்டு. நான்கு மரபுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு மாலையில் பரதநாட்டியத்துக்குச் சில மணித்துளிகளே கிடைக்கும் என்பது உண்மை. ஆயின் தமிழர் திருநாளில் நம் கலையை நாமே கண்டோம். இங்கோ பிறர் கண்டனர். நாமும் பிறர் கலையைக் கண்டோம்.

அவ்வாறு காண்பதால் விளையும் பயனுக்குச் சான்று ஒன்று கூறுவேன். 1952இல் சிங்கை வந்த நாட்டியக் கலைஞர் கே. பி. பாஸ்கர் அங்கு நாட்டியப் பள்ளி நிறுவினார். அவர் துணைவியார் சாந்தா பாஸ்கர், சீனரின் 'பட்டாம்பூச்சிக் காதலர்' கதையை 1958இலேயே பரதநாட்டியமாக அமைத்தார். 2022இல் மறையும் வரை அவர் கலைப்பணியை விடவில்லை. அண்டை வீட்டாரின் கதையை அறிந்து, அதனைத் தன் அடவுகளில் சொல்லத் துணிந்த அவர் பணியால் பரதம் குன்றவில்லை, வளர்ந்தது.

குன்றின் அடியில் எழுந்த அரங்கம்

அடுத்து எழுந்ததே தேசிய அரங்கம். கேனிங் குன்றின் அடிவாரத்தில், டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்கு அண்மையில் அது அமைந்தது. அதனைக் கட்டுதற்கு ஏறத்தாழ 22 இலட்சம் வெள்ளி செலவாயிற்று. அதன் ஒரு பகுதியைத் திரட்ட மக்களிடம் சென்றனர். செங்கல் ஒன்றுக்கு வெள்ளி ஒன்று என்பதே வேண்டுகோள். தமிழுக்கென நாம் ஒரு முறை கொடுத்துப் பழகிய அதே ஒரு வெள்ளி!

1963 ஆகஸ்டு 8ஆம் நாள் தென்கிழக்காசியப் பண்பாட்டு விழாவுடன் அரங்கம் திறக்கப்பெற்றது. 3,420 இருக்கைகள். முகப்பில் ஐந்து முனைகள். அவை கொடியின் ஐந்து விண்மீன்களைக் குறித்தன. முன்னிருந்த நீரூற்று பிறைநிலவைக் குறித்தது. குன்றை நோக்கி நீண்ட பெருங்கூரை இருந்ததே அன்றிப் பக்கச் சுவர்களோ பின்சுவரோ இல்லை.

சுவரில்லாத அவ்வரங்கத்தை நான் கண்டதில்லை. என் தந்தையார் கண்டார். ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய அவர், அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு விடுமுறை நாளில் நண்பர் இருவருடன் பேருந்தேறிச் சென்றார். சீட்டு வாங்கப் பணம் போதவில்லை. குன்றின் சரிவில் புல்மேல் அமர்ந்து, கூரைக்குக் கீழே தெரிந்த ஆட்டத்தை இறுதிவரை கண்டு திரும்பினாராம். “காசு இல்லேன்னு யாரும் எங்களை எழுப்பி விடல தம்பி” என்று பல முறை சொல்லியிருக்கிறார். ஆடியவர் யார், ஆடியது எது என்பதை அவர் மறந்துவிட்டார். யாரும் எழுப்பிவிடவில்லை என்பதை மட்டும் மறக்கவில்லை.

வீழ்ச்சியும் படிப்பினையும்

மக்கள் வெள்ளியால் எழுந்த அவ்வரங்கம் நெடுங்காலம் நிற்கவில்லை. நீண்ட கூரை பாதுகாப்பற்றது எனக் கண்டு 1984இல் அது மூடப்பட்டது. அவ்வழியே விரைவுச்சாலையின் சுரங்கப் பாதையும் அமையவிருந்தது. 1986இல் அரங்கம் இடிக்கப்பட்டது. அதன் வாழ்நாள் 23 ஆண்டுகளே.

கூரையும் சாலையும் மட்டுமே காரணங்கள் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. அரங்கம் திறந்த அதே 1963இல்தான் சிங்கையில் தொலைக்காட்சியும் தொடங்கியது. ஞாயிறு மாலையில் மக்கள் வெளியே செல்லாமலே ஆட்டமும் பாட்டும் வீட்டுக்குள் வந்தன. மழைச்சாரல் அடிக்கும் அரங்கைவிடக் குளிரூட்டிய மண்டபமே நன்று என்னும் எண்ணமும் வளர்ந்தது. மூன்று உலகங்களின் கதியும் அதுவே. கிரேட் வோர்ல்ட் 1978இலும், நியூ வோர்ல்ட் 1987இலும் மூடப்பட்டன. நியூ வோர்ல்ட் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது.

பின்னர் 2002 அக்டோபர் 12ஆம் நாள் கடல்முகத்தில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பெற்றது. முட்பழம் போன்ற கூரையைக் கொண்ட அதற்கு ஏறத்தாழ 60 கோடி வெள்ளி செலவாயிற்று. அவ்வாண்டிலேயே இந்தியக் கலைகளுக்கெனக் 'கலா உத்சவம்' அங்குத் தொடங்கியது. உள்ளரங்குகளில் கட்டணம் உண்டு. ஆயினும் வெளிமேடையில் வார இறுதிகளில் எவரும் இலவசமாக அமர்ந்து காணும் நிகழ்ச்சிகளும் உண்டு. பூமலை மேடையின் வழித்தோன்றல் இதுவே என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி மாணவர் பதினெண்மரை, பெற்றோர் துணையுடன், ஒரு சனிக்கிழமை அங்கு அழைத்துச் சென்றேன். வெளிமேடையில் மிருதங்கம் ஒலித்துக்கொண்டிருந்தது. இருக்கைகள் சில வெறுமையாக இருந்தும் மாணவர்கள் அமராமல் ஓரமாகவே நின்றனர். காரணம் கேட்டேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, நாம உட்காரலாமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அவ்வினா என்னைத் தைத்தது. என் தந்தையாரை எவரும் எழுப்பிவிடவில்லை. இக்குழந்தையையோ எவரும் இன்னும் அமரச் சொல்லவில்லை. மண்டபம் உண்டு, மேடை உண்டு, கட்டணமும் இல்லை. எனினும், இது நமக்கும் உரியது என்னும் உணர்வு தானே வந்துவிடுவதில்லை. அதனை ஒருவர் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அன்று ஒரு வெள்ளி அதனைக் கொடுத்தது. இன்று அதனைக் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர்.

ஆசிரியப் பெருமக்களே! கோலாலம்பூரோ, ஈப்போவோ, ஜொகூர் பாருவோ, நும் பள்ளிக்கு எட்டும் தொலைவில் ஏதேனும் ஒரு மேடை இருக்கும். ஆண்டுக்கு இரு முறையேனும் மாணவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். நம் கலைக்கு மட்டுமன்றி, பிறர் கலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த பின், 'உன் பாட்டனார் விடுமுறை நாளில் எங்கே சென்றார்?' என்னும் தலைப்பில் வீட்டாரைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். அரசு ஆவணங்களில் இல்லாத வரலாறு அந்த ஏடுகளில் சேரும்.

தேசிய அரங்கின் செங்கற்கள் இன்று இல்லை. அவற்றுக்கு வெள்ளி கொடுத்தவர் பலரும் இல்லை. எஞ்சியிருப்பது, அமரலாமா என்று கேட்கும் குழந்தையின் வினாவே. “அமரலாம் அம்மா, முன்வரிசையில் அமரலாம்” என்று அன்று அவளுக்கு விடை கூறினேன். அவள் அமர்ந்தாள், மற்றவரும் அமர்ந்தனர். மிருதங்கம் தொடர்ந்து ஒலித்தது.