நெய் விட்ட பந்தி

வெள்ளிக்கிழமை ராத்திரி திங்கள்சந்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நெய்யூருக்கு நடந்தேன். மறுநாள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முற்றத்தில் காய்கறி வெட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் சாம்பவர் தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. சேனையும் தடியங்காயும் குவிந்து கிடந்தன. ஆண்கள் தேங்காய் துருவினார்கள். பெண்கள் உள்ளி உரித்தார்கள். "வா மக்களே, ஒரு கத்தியை எடு" என்றார் பெரியப்பா. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் உண்மையான சந்தோசம் இந்த முந்தின ராத்திரிதான். கட்டன்காப்பி வந்துகொண்டே இருக்கும். நடுச்சாமத்தில் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் வரும். பின்பக்கம் நாலைந்து பேர் குப்பியோடு ஒதுங்குவார்கள். பாட்டு தானாகப் பிறக்கும்.

பதினொரு மணிக்குச் சண்டை பிறந்தது. மறுநாள் சமையலுக்குச் சித்தப்பா வேறு சாதிக்காரர் ஒருவருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். சபை விருந்துக்கெல்லாம் பெரியப்பாதான் சமையல். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம கை ஆகாதோடே?"

"ஆபீசுல கூட வேலை செய்யவங்க நாப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன் அண்ணே. நாம ஆக்குனா ஒருத்தனும் இலையில இருக்கமாட்டான்."

உள்ளி உரித்துக்கொண்டிருந்த பெரியம்மை நிமிராமல் சொன்னாள்: "ஆக்குனது ஆருன்னு கேட்டுத் தின்னுகவன் திங்காண்டாம். இலை மிச்சம்."

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் நல்லாச் சாப்பிட்டு, குடித்து, சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தவன் நான். ஆனால் அந்த முற்றத்தில் கிடந்த கேள்வி ஒரு ராத்திரிக் கேள்வி அல்ல. யாருக்கு ஓய்வு, யாருக்குப் பந்தி, யார் கைச்சோறு சோறு என்பதற்கு இந்த மண்ணில் இருநூறு வருசச் சரித்திரம் இருக்கிறது.

திருவிதாங்கூருக்குத் தர்ம ராஜ்யம் என்று பேர். சாமுவேல் மேட்டீர் பாதிரியார் 1871இல் இந்நாட்டைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கே தர்ம பூமி என்று பொருள்படும் தலைப்பைத்தான் வைத்தார். என்ன தர்மம்? பிராமணர்களுக்கு இலவசச் சோறு போட்ட ஊட்டுப்புரைகள். ஆறு வருசத்துக்கு ஒருமுறை பத்மநாபசாமி கோயிலில் 56 நாள் முறைஜபம், அத்தனை நாளும் விருந்து. இந்த விருந்துகளுக்கு விறகும் காய்கறியும் சும்மா நடந்து வரவில்லை. ஊழியம் என்ற பேரில் கூலியில்லாமல் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். அவர்களுக்கும் அடியில் விலைக்கு விற்கப்பட்ட புலையரும் பறையரும் கிடந்தார்கள். 1836ஆம் வருசக் கணக்குப்படி திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். 1855இல்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நாட்டின் மிகப் பெரிய விருந்துகளைச் சுமந்தவர்களுக்கு அந்த இலையின் வாசம்கூட எட்டக்கூடாது என்பதுதான் தர்மத்தின் கணக்கு.

இப்படிப்பட்டவர்களுக்கு வாரக்கடைசி ஏது? இன்றைக்கு அது உல்லாசச் சொல்லாகிவிட்டது. எங்கள் முன்னோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓர் அரசியல் நாள். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த 1810களில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறன்று ஊழியத்திலிருந்து விலக்கு வந்தது. வாரத்தில் ஒரு நாள் சர்க்கார் கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்று சொல்லலாம்! மிஷன் அந்த நாளை ஜெபத்துக்காகக் கேட்டது. சனங்கள் அதை முதுகு நிமிர்த்தவும் பிள்ளைகள் முகத்தைப் பகலில் பார்க்கவும் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டையின் வயலில் அடிமையாய்க் கிடந்தவனுக்கு அந்த விலக்கும் லேசில் கைக்கு எட்டியிருக்காது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின அடிமைகளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் கூட அனுமதி. காங்கோ சதுக்கத்தில் கூடி மேளம் அடித்தார்கள், ஆடினார்கள். அந்த ஒரு நாள் தாளம் பின்னால் உலக இசையின் போக்கையே மாற்றியது. பம்பாயில் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890இல் கிடைத்தது. போராடி வாங்கிக்கொடுத்தவர் ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே. ஓய்வை யாரும் தானமாகத் தரவில்லை.

நெய்யூரை வெளியுலகம் அறிவது மிஷன் ஆஸ்பத்திரியால். 1838இல் டாக்டர் ராம்சே அங்கே வைத்தியத்தைத் தொடங்கினார். எவரெஸ்டுக்கு ஏறப் போன டாக்டர் சோமர்வெல் பல வருசங்களை அங்கே கழித்தார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தென்திருவிதாங்கூருக்கு இந்த மிஷன் வந்ததே எங்கள் ஆள் ஒருவரால் என்பதை அழுத்திச் சொல்பவர்கள் குறைவு. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், பறையர். 1799இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி வேதமாணிக்கமானார். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தோபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1816இல் ரிங்கல்தோபே ஊரைவிட்டுப் போனபோது சபைகளை ஒப்படைத்ததும் வேதமாணிக்கத்திடம்தான்.

நெய்யூரில் இன்னொரு கதையும் உண்டு. அது ஒரு கல்யாணக் கதை. சார்லஸ் மீட் பாதிரியார் 1828இல் நெய்யூருக்கு வந்து அதை மிஷனின் மையமாக்கியவர். தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட காலத்தில் அவர்கள் பக்கம் நின்றவர். 1850களின் தொடக்கத்தில், மனைவியை இழந்திருந்த அவர், பறையர் குலத்திலிருந்து கிறிஸ்தவரான ஒருவரின் மகள் லோயிசை மணந்தார். வயசு வித்தியாசம் ரொம்ப அதிகம். அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கொதித்தவர்களுக்கு வயசு மட்டுமா உறுத்தியது? சக மிஷனரிகளும் எதிர்த்தார்கள், சாதியை இடுப்பில் முடிந்துகொண்டு ஞானஸ்நானம் எடுத்தவர்களும் எதிர்த்தார்கள். முப்பது வருசத்துக்கு மேல் உழைத்த சங்கத்தைவிட்டு மீட் விலக நேர்ந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வேலையில் சேர்ந்தார். எங்கள் சனத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டலாம், மருந்து கொடுக்கலாம், பரலோகம்கூடக் கொடுக்கலாம். பெண் மட்டும் எடுக்கக்கூடாது. பந்தியில் தொடங்கும் சாதி கட்டிலில்தான் முடிகிறது.

முற்றத்துக்குத் திரும்புகிறேன். ராத்திரி ஒரு மணிக்குச் சித்தப்பா போன் போட்டு அந்தச் சமையல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸ் போனது போனதுதான். பெரியப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினார். பின்பக்கம் இருந்தவர்கள் பறையை எடுத்துக் காய்ச்சினார்கள். பேய்க்காரியம் என்று மிஷன் தள்ளிவைத்த பறை, சாவுக்கு மட்டும் என்று ஊர் ஒதுக்கிய பறை, கல்யாண வீட்டில் விடியும்வரை பேசியது.

சனிக்கிழமை பந்தி. எங்கள் ஊர் வழக்கத்தில் சோற்றின்மேல் முதலில் பருப்பு, அதன்மேல் நெய், நொறுக்கிய பப்படம். பிறகுதான் சாம்பார், அவியல், எரிசேரி, புளிசேரி, பாயசம். என் இலையில் நெய் விழுந்தபோது இரண்டு விசயம் ஞாபகம் வந்தது.

ஒன்று, எனக்குப் பத்து வயசிருக்கும்போது நடந்தது. வசதியான ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா பந்தல் வேலைக்குப் போயிருந்தார். எல்லோரும் சாப்பிட்டபிறகு எங்களைத் தொழுத்துப் பக்கம் உட்காரவைத்தார்கள். சோறு வந்தது, சாம்பார் வந்தது. நெய்ப் பாத்திரம் எங்கள் பக்கம் வரவேயில்லை. "அப்பா, நெய்?" என்று கேட்டேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளலின் வலி இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, அம்பேத்கர் சாதி ஒழிப்பு உரையில் சொல்லும் சக்வாரா. 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அந்தக் கிராமத்தில், யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சனத்துக்கு விருந்து வைத்தார். பண்டத்தில் நெய் சேர்த்திருந்தார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் கம்போடு வந்து சோற்றைப் பாழாக்கி, சாப்பிட்டவர்களை அடித்து விரட்டினார்கள். யாரிடமும் திருடிய நெய் அல்ல. சொந்தக் காசு, சொந்த இலை. நெய் தின்னும் துணிச்சல்தான் குற்றம். அந்த இலையின் முன் இருந்து பார்த்தால்தான் வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்ததும், 1917இல் சகோதரன் ஐயப்பன் செராயில் புலையர் பிள்ளைகளோடு மிசிர போஜனம் நடத்தியதும் எவ்வளவு பெரிய கலகம் என்பது புரியும். ஐயப்பனை 'புலையன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக வைத்துக்கொண்டார்.

சித்தப்பாவின் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். சிரித்தார்கள், கவர் கொடுத்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றால், "சுகர் இருக்கு", "இன்னொரு கல்யாணம் இருக்கு" என்றார்கள். பாட்டில் கலர் மட்டும் குடித்தார்கள். மூடி போட்ட பாட்டிலில் எங்கள் கை படாது அல்லவா? தீட்டு இப்போது நாகரிகமாக மூடி திறந்து குடிக்கிறது. நாற்பது பேரில் இலையில் உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். நானே எண்ணினேன். "அட்வான்சும் போச்சு, ஆளும் வரல்ல" என்றார் சித்தப்பா. ஆனால் அந்த மூன்று பேருக்கும் இரண்டாம் தடவை நெய் விட்டது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையில் ஐக்கிய விருந்து. ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதையே விடுதலையின் அடையாளமாகப் பாடியவர் பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர், 2005இல் மறைந்தார். அவரை நினைத்துக்கொண்டேதான் பந்தியில் இருந்தேன். அப்போது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். எங்களுக்கும் கீழே என்று நாங்கள் நினைக்கிற சமூகத்தைச் சேர்ந்தவர். முந்தின நாள் கல்யாணத்திலும் இலை எடுத்தவர் அவரேதான்.

"அக்கா, நீங்க சாப்பிட்டாச்சா?"

"பந்தி முடியட்டு மக்களே. எங்கே போகப்போகுது சோறு."

எனக்குத் தொடையில் வலித்தது. பெரியம்மையும் இன்னும் சாப்பிடவில்லை. பெண்களின் பந்தி எங்கள் வீட்டிலும் கடைசிதான். அடுத்தவன் நம் இலையில் உட்காரவில்லை என்று கணக்கு எடுக்கிற நாம், நம் இலையை எடுக்கிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கணக்கு எடுத்திருக்கிறோமா? ஓய்வுநாளில் ஓய்வில்லாத ஆள் ஒருவர் இருக்கும்வரை அது பாதி ஞாயிறுதான்.

நான் எழுந்து இலைக்கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். அக்காவுக்குச் சங்கடம். சபைப் பெரியவர் ஒருவர், "எம்.ஏ. படிச்ச பய செய்யற வேலையா இது?" என்றார். பெரியப்பா வந்தார். எதுவும் பேசவில்லை. இரண்டு இலை போட்டார். ஒன்றில் அக்கா, ஒன்றில் பெரியம்மை. நெய்ப் பாத்திரம் கிட்டத்தட்டக் காலி. வழித்து இரண்டு இலையிலும் விட்டார்.

திங்கட்கிழமை காலையில் சந்தைக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். கையில் பெரியம்மை கட்டிக்கொடுத்த பொதி. பிரிக்காமலே நெய் மணத்தது.