பஸ்கா நூல்களும் பாடல்களும்: இந்திய மரபு

எகிப்திய அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதைக் கொண்டாடும் யூதப் பண்டிகை பஸ்கா. அன்றிரவு விருந்துக்கு முன்னும் பின்னும் குடும்பமாக வாசித்துப் பாடும் நூலுக்கு ஹகாதா என்று பெயர். 1350 வாக்கில் எழுதப்பட்ட சரயேவோ ஏடும், 1526இல் பிராக் நகரில் அச்சான படப் பதிப்பும் இவற்றுள் புகழ்பெற்றவை.

இந்தியாவில் பண்டிகை முந்தியது, நூல் பிந்தியது. கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேலியர் என்னும் யூதர்கள் சனிக்கிழமை செக்கை ஓட்டமாட்டார்கள். ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்றனர். எபிரேய நூல்கள் கைவசம் இல்லாத காலத்தில், புளித்த கரைசல் பானையை மூடிவைக்கும் நாளாகவே பஸ்காவை அனுசரித்தார்கள். 1826இல் கொச்சி யூத ஆசிரியர்கள் வந்து எபிரேயம் கற்பித்தனர். 1832இல் பாதிரியார் ஜான் வில்சன் மராத்தியில் எபிரேய இலக்கணம் எழுதினார். அவருடைய நோக்கம் மதமாற்றம். மாணவர்களோ கற்றதைக் கொண்டு தங்கள் வேதத்தையே படித்தார்கள்.

1846இல் பம்பாயில் மராத்தி மொழிபெயர்ப்புடன் ஹகாதா வெளிவந்தது. அதைவிடச் சுவையானது 1874ஆம் ஆண்டுப் புனே பதிப்பு. கல்லச்சில் எபிரேயமும் தேவநாகரியும் ஒரே பக்கத்தில் அமைந்தன. படத்தில் சேலை உடுத்திக் கொண்டையிட்ட பெண்கள் தரையில் அமர்ந்து பஸ்காவுக்குரிய புளிப்பில்லா அப்பம் தட்டுகிறார்கள். ஐரோப்பியப் பதிப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஒரு படமே போதும், நூல் யாருடையது என்று சொல்ல.

இசையிலும் அப்படித்தான். 1880களில் பெனே இஸ்ரேலியர் மராத்திக் கீர்த்தன வடிவத்தை எடுத்துக்கொண்டு வேதாகமக் கதைகளைப் பாட்டும் வசனமுமாகச் சொன்னார்கள். தஞ்சைக்கு வந்து நம் ஹரிகதையாக வளர்ந்ததும் இதே மராத்திக் கீர்த்தனம்தான்.

கொச்சியில் பாட்டு யூதப் பெண்கள் வசம் இருந்தது. மலையாள யூதப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடினர். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த இப்பாடல்களின் 'கார்குழலி' தொகுப்பு 2005இல் ஜெருசலேமில் எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் பெயர் நிலைத்தது, கதை மாறியது. ஆவூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் 'பாஸ்கா' நாடகத்தில் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவந்த மோசே இல்லை. இயேசுவின் பாடுகளே இரவில் மேடையேறுகின்றன.