சாலைக் கடைத்தெரு முதல் ஆரல்வாய்மொழி வரை: நெல், மணல், பாறை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் வரலாற்றை எழுதுவோர், தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் (1758–1798) திவான் ராஜா கேசவதாசனில் தொடங்குவது மரபு. அங்காடியை அமைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் அங்கிருந்து நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, தக்கலை, கோட்டாறு வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் செல்லும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதை. நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் அவ்வழியே மாட்டுவண்டிகளில் தலைநகரை அடைந்தன. சாலையில் தமிழ் வணிகர் வேரூன்றியதும் அப்படித்தான்.

தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு இடப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை, வலப்புறம் கடல். மலைக்கு ஒரு வரலாறு, கடற்கரைக்கு வேறொன்று, அங்காடிக்கு மற்றொன்று என எழுதும் வழக்கம் இந்நிலத்துக்குப் பொருந்தாது. மலைப்பாறைகள் காலப்போக்கில் சிதைய, அவற்றிலுள்ள மோனசைட், இல்மனைட், சிர்க்கான் ஆகியவற்றைக் குழித்துறைத் தாமிரபரணியும் வள்ளியாறும் கடலுக்குக் கொண்டுசென்றன. அலைகள் இலேசான மணலை அகற்றிக் கனமானதைக் கரையில் ஒதுக்கின. மணவாளக்குறிச்சியின் கரிய மணல், இடம்பெயர்ந்த மலையே.

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்கு வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. பிரேசில் மணலே அதுவரை சந்தையை ஆண்டது. முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர் பிடி தளர்ந்து, தொழில் பிரிட்டிஷார் வசமாயிற்று. அணுயுகத்தில் தோரியத்தின் மதிப்பே மாறியது. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர் தனிநாடு அறிவித்ததன் பின்னணியில் இம்மணல் அளித்த துணிவும் இருந்தது. அரண்மனை அரசியலாக மட்டும் அந்நிகழ்வைச் சொல்லும் நூல்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன.

1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. 1956 நவம்பர் 1-இல் களியக்காவிளையில் மாநில எல்லை பழைய பாதையைக் குறுக்கே வெட்டியது. மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சவறா கேரளத்திலேயே நின்றது. மணல் இரண்டானாலும் நிறுவனம் ஒன்றே.

போக்குவரத்து நின்றுவிடவில்லை. 2015 டிசம்பரில் விழிஞ்ஞம் துறைமுகப் பணி தொடங்கியபின், அலைதடுப்புச் சுவருக்கான பாறைகள் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து கனரக லாரிகளில் களியக்காவிளையைக் கடந்து சென்றன. நெல் சென்ற அதே திசை. ஆற்றோடு மணலாக இறங்கப் பல யுகங்கள் எடுத்துக்கொண்ட மலை, இப்போது ஓரிரவில் மாநில எல்லையைக் கடக்கிறது. மறுபுறம், கிள்ளியூர் வட்டாரக் கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் அருமணல் எடுக்கும் திட்டத்தைக் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களின் மக்கள் எதிர்த்து நிற்கின்றனர்.